விக்கிமீடியா படங்களுக்கு நன்றி எப்படிப் போடுவது?

கேள்வி:
பறவைகள் பற்றிச் சிறுவர்களுக்கான மின்னூல் ஒன்று தயாரிக்கிறேன். படங்கள் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படத் தளத்திலிருந்து, பெரும்பாலும் சிசி பை-எஸ்ஏ 4.0 (எடுத்தவர் பெயரைச் சொல்லவும், மாற்றினால் அதே உரிமத்தில் பகிரவும் கேட்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்). "படம்: விக்கிமீடியா" என்று போட்டால் போதுமா? சில படங்களின் ஓரத்தை வெட்டியிருக்கிறேன்.

பதில் 1:
போதாதுங்க. விக்கிமீடியா படம் இருக்கும் இடம்தான், எடுத்தவர் வேறு. விடியலில் காத்துக்கிடந்து எடுத்தவருக்கு நாம் தரும் ஒரே கூலி அவர் பெயர். படப் பக்கத்தில் இருப்பது புனைபெயரானாலும் அப்படியே போடுங்க. கூடவே மூலப் பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர், அதன் இணைப்பு. வெட்டிய படங்களில் "ஓரம் வெட்டப்பட்டது" என்று கட்டாயம் சொல்லணும். படத்தின் தலைப்பு 4.0-இல் கட்டாயமில்லை; உரிமத்தின் பழைய பதிப்பான 3.0-இல் படம் ஏதும் இருந்தால் அதையும் சேருங்க.

பதில் 2:
இத்தனையும் படத்தடியில் நெருக்க வேண்டாம். பக்க எண்ணோடு கடைசிப் பக்கத்தில் தரலாம், உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆனாலும் எடுத்தவர் பெயரைப் படத்தடியிலேயே வைத்தால் குழந்தைகள் கண்ணில் படும்.

கேட்டவர்:
நன்றி. எஸ்ஏ என்பதால் என் எழுத்தையும் அதே உரிமத்தில் வெளியிடணுமா?

பதில் 1:
வேண்டாம். எழுத்துக்குப் பக்கத்தில் படம் இருப்பது வெறும் தொகுப்பு. வெட்டிய படங்களை மட்டும் அதே உரிமத்தில் விடுங்க.