சட்டம், தண்டனை பற்றி இங்கிலீஷில கேள்வி கேக்கிறது எப்படி? உதவி தேவை

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். வெள்ளவத்தையில வாகனம் வாடகைக்குக் குடுக்கிற சின்ன ஒஃபீஸில வேலை செய்யிறன். லைசென்ஸ் இல்லாம ஒருத்தர் எங்கட காரை ஓட்டினா என்ன தண்டனை எண்டு லோயரிட்ட கேக்கச் சொன்னார் முதலாளி. நான் அனுப்பின ஈமெயில்: "அவர் (our) கஸ்டமர் டிரைவ் வித்தவுட் லைசென்ஸ். வாட் பனிஷ்மென்ட் ஹி வில் கெட்?" கொஞ்ச நேரத்தில லோயர் பதறிப்போய் கோல் எடுத்து, "ஆர் பிடிபட்டது? எந்தப் பொலிஸ்?" எண்டு கேட்டார். எனக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. எங்க பிழை?

புதுக்கடை கிளார்க்:
தங்கச்சி, அவர் பயந்தது நியாயம். தமிழில 'ஓட்டினா' எண்டாலே இன்னும் நடக்காத விசயம் எண்டு விளங்கும். நீங்க எழுதினது நடந்து முடிஞ்ச சம்பவம் மாதிரி இருக்கு. 'கஸ்டமர்', 'ஹி' எண்டு ஆளைக் கொண்டு வராம, செயலை மட்டும் கேளுங்க: "வாட் இஸ் த பெனல்ட்டி ஃபோர் டிரைவிங் வித்தவுட் எ லைசென்ஸ்?" 'ஃபோர்' போட்டா அடுத்தது 'டிரைவிங்' எண்டுதான் வரும், 'டிரைவ்' வராது. குற்றமா எண்டு கேக்க "இஸ் இட் அன் ஒஃபென்ஸ் டு..." எண்டு தொடங்குங்க. போக்குவரத்து விசயத்துக்கு 'கிரைம்' எண்டு போடாதீங்க, அது களவு, கொலை மாதிரிக் கேக்கும்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அண்ணா. சட்டத்தில 'ஷால்' எண்டு வருதே, "ஷால் வீ பே எ ஃபைன்?" எண்டு கேக்கலாமா?

புதுக்கடை கிளார்க்:
வேண்டாம். இலங்கையின்ர 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில 296ஆம் பிரிவைப் பாருங்க, கொலை செய்தவருக்கு "ஷால் பி பனிஷ்ட் வித் டெத்" எண்டு இருக்கும். அங்க 'ஷால்' கட்டளை. கேள்வியில வந்தா "நாங்க கட்டட்டா?" எண்டு அர்த்தம் மாறிடும். இன்னொண்டு, சட்டத்தில "நொட் எக்ஸீடிங்" எண்டு தொகை போட்டிருந்தா அது உச்ச வரம்பு. அதால "மேக்ஸிமம் ஃபைன்" எவ்வளவு எண்டு கேளுங்க, பதில் சரியா வரும்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
மகள், 'தண்டனை' எண்ட ஒரு சொல்லை நாங்க எல்லாத்துக்கும் பாவிக்கிறம். இங்கிலீஷில சட்டம் வைக்கிறது 'பெனல்ட்டி', நீதவான் ஒருத்தருக்குக் குடுக்கிறது 'சென்டென்ஸ்', தண்டப்பணம் 'ஃபைன்'. கூட வாற சின்னச் சொல்லையும் சேர்த்தே பாடமாக்குங்க: 'சார்ஜ்ட் வித்', 'அக்யூஸ்ட் ஒஃப்', 'கன்விக்டட் ஒஃப்', 'சென்டென்ஸ்ட் டு'. பிள்ளைகள் கூடப் பிழை விடுறது 'சார்ஜ்ட் ஃபோர்' எண்டு எழுதித்தான்.
"குட் யூ டெல் அஸ்" எண்டு தொடங்கினா 'இஸ்' பின்னால போகும்: "வாட் த பெனல்ட்டி இஸ்".

வெள்ளவத்தை வாசி:
திருத்தினது: "குட் யூ டெல் அஸ் வாட் த மேக்ஸிமம் பெனல்ட்டி இஸ் ஃபோர் டிரைவிங் வித்தவுட் லைசென்ஸ்? இஸ் இட் ஆல்சோ அன் ஒஃபென்ஸ் ஃபோர் அஸ் டு ஹாண்ட் ஓவர் த கார்?" சரியா டீச்சர்?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
'வித்தவுட் எ லைசென்ஸ்'. அந்த 'எ' விடுபட்டிருக்கு. ரெண்டாவது கேள்வி நல்லாக் கேட்டிருக்கிறீங்க, முதலாளிக்கு அதுதான் முக்கியம். அனுப்புங்க.