கதவுக்கு அந்தப் பக்கம் (நம்ம குடும்பம் குழு)

யாழினி: சித்தப்பா இருக்கீங்களா? நாளைக்கு டெஸ்ட். கதவுக்கு அந்தப் பக்கம் பேசுறவர் குரல் கேக்குது, ஆள் தெரியல. ஏன்? 5 மார்க்

அத்தை: ஒளிஞ்சு நிக்கிறார், அதான் 😄 இதுக்கு 5 மார்க்கா

சித்தப்பா: கதவு திறந்துதானே இருக்கு?

யாழினி: ஆமா. அவர் சுவரை ஒட்டி நிக்கிறார்

சித்தப்பா: அப்ப விளிம்பு விளைவு. இடைவெளி வழியா வர்ற அலை ஓரத்துல வளைஞ்சு பரவும். அலைநீளம் இடைவெளி அளவுக்கு இருந்தா நல்லா வளையும்

சித்தப்பா: குரல்ல 340 ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு 340 அதிர்வை எடுத்துக்கோ. காத்துல ஒலியோட வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகத்தை அதால வகுத்தா அலைநீளம்?

யாழினி: 1 மீட்டர்

சித்தப்பா: கதவு அகலமும் கிட்டத்தட்ட அதான். ஒளிக்கு 400லருந்து 700 நானோமீட்டர். மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. அதுக்கு வாசப்படி ஒரு மைதானம் மாதிரி, வளையாம நேரா போயிடும்

கவின்: சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற சத்தமும் கேக்குமே?

சித்தப்பா: அப்படிக் கேளு! வீட்டுக்குள்ள அதுவும் நிறையவே சேரும். ஒளியும் சுவர்ல பட்டுத் திரும்புது, ஆனா சொரசொரப்புல கண்டபடி சிதறிடும், உருவம் தெரியாது. யாழினி, இதையும் ஒரு வரி எழுதிடு

அத்தை: பக்கத்து வீட்டுப் பாட்டுல தும் தும்னு மட்டும் கேக்குது, ஒரு வரியும் புரியல. அதுவும் இதானாடா?

சித்தப்பா: பாதி இதான்க்கா. 50 ஹெர்ட்ஸ்னா அலைநீளம் 7 மீட்டர் கிட்ட, மூலையெல்லாம் சுத்தி வந்துடும். மீதி சுவரோட வேலை. கீச்சுச் சத்தத்தை நல்லா தடுக்கும், தும் தும்மை அவ்வளவா தடுக்காது

அத்தை: அப்ப அங்க இருக்கிற காத்தே கிளம்பி என் காதுக்கு வருதா?

சித்தப்பா: இல்லக்கா. காத்து அங்கங்கயே முன்னும் பின்னும் ஆடும். ஒண்ணு அழுத்த அடுத்தது அழுந்தும், அந்த ஆற்றல் மட்டும்தான் கடந்து வரும்

யாழினி: இன்னொண்ணு. ஒலி தண்ணிக்குள்ள போனா அதிர்வெண் மாறுமா? என் ஃபிரெண்ட் மாறும்ங்கிறா

சித்தப்பா: மாறாது. விநாடிக்கு எத்தனை தடவை காத்து அழுத்துதோ அத்தனை தடவைதான் தண்ணியும் அழுந்தும். வேகம்தான் 1,480 கிட்ட போகும், அதனால அலைநீளம் நாலு மடங்குக்கு மேல நீளும்

யாழினி: சூப்பர் 👍

அத்தை: எல்லாம் சரி, அந்தத் தும் தும்மை நிறுத்த வழி சொல்லு

சித்தப்பா: கனமா ரெண்டு சுவர், நடுவுல நல்ல இடைவெளி. இல்லேன்னா அவங்க சத்தத்தைக் குறைக்கணும். ரெண்டாவதுக்குச் செலவில்ல, நீங்கதான் போய்ப் பேசணும் 😅