விச்சாயை நினைத்து: லெஸ்டர்க்காரர்கள் சொன்னவை

லெஸ்டர், கோப் ஸ்டாண்ட் பக்கத்து ரசிகர்

கால்பந்துக் கிளப் முதலாளி என்றால் ரசிகர்களிடம் வசவு வாங்குவதற்கென்றே பிறந்தவர். டிக்கெட் விலை ஏறினாலும் திட்டு, நல்ல ஆட்டக்காரரை விற்றாலும் திட்டு. அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு முதலாளி 2018இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததும் ஊரே பூவோடு மைதான வாசலுக்கு வந்தது. இப்போது லெஸ்டர் சிட்டியைப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகள் "விச்சாய் அப்படி என்ன செய்தார்?" என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் எழுதுங்கள், நானே தொடங்கி வைக்கிறேன்.

விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா 2010 ஆகஸ்டில் 39 மில்லியன் பவுண்டுக்குக் கிளப்பை வாங்கினார். அப்போது நாங்கள் இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கு லீக்கான சாம்பியன்ஷிப்பில் கிடந்தோம். தாய்லாந்தின் விமான நிலையங்களில் கிங் பவர் கடைகளை நடத்துபவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெளிநாட்டுப் பணக்காரர் வாங்கிய கிளப்புகள் எப்படியெல்லாம் சீரழிந்தன என்று பார்த்தவர்கள் என்பதால் பயம்தான் அதிகம். ஆனால் 2013இல், அவர் கிளப்புக்குக் கொடுத்திருந்த 103 மில்லியன் பவுண்டு கடனைப் பங்குகளாக மாற்றிவிட்டார். திருப்பிக் கேட்கக்கூடிய பணத்தைக் கிளப்புக்குள்ளேயே விட்டுவிட்டார். என் நம்பிக்கை பிறந்தது அங்கேதான்.

நேரில் பேசியதில்லை. பேட்டி கொடுப்பதே அபூர்வம். ஆனால் அவரை உணர்ந்துகொண்டே இருப்போம். உள்ளே போனால் ஒவ்வோர் இருக்கையிலும் விசிறி மாதிரி மடித்த நீல அட்டை ஒன்று இருக்கும், கையில் தட்டினால் பட் பட்டென்று சத்தம் போடும். ஒவ்வொரு சொந்த ஊர் ஆட்டத்துக்கும் கிளப் தன் செலவில் வைத்தது. எதிர் அணி ரசிகர்கள் கேலி செய்தார்கள். பின்னாலிருந்த தாத்தாவுக்கும் முதலில் பிடிக்கவில்லை. 2015 வசந்தத்தில், மேல் அடுக்கான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியே விடுவோம் என்றிருந்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஜெயித்தபோது அவர்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

அப்புறம் அந்தப் பிறந்தநாள் ஆட்டம். அவர் பிறந்த தேதி ஏப்ரல் 4. 2016 ஏப்ரல் 3, சவுத்தாம்ப்டனோடு ஆட்டம். வந்த அத்தனை பேருக்கும் ஒரு பீரும் ஒரு டோனட்டும் இலவசம். நான் குடிப்பதில்லை, டோனட் மட்டும் வாங்கிக்கொண்டேன். விரலெல்லாம் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்க அந்த அட்டையைப் பிடித்தபடிதான் எங்கள் கேப்டன் வெஸ் மார்கன் தலையால் முட்டிப் போட்ட கோலைப் பார்த்தேன். 1-0. ஒரு மாதத்துக்குள் நாங்கள் இங்கிலாந்து சாம்பியன். சீசன் தொடக்கத்தில் ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு 5000 பவுண்டு என்று பந்தயக் கடைக்காரர்கள் 5000க்கு 1 கொடுத்த அணி! மே 2 இரவு எங்களைத் துரத்திவந்த டோட்டன்ஹாம் செல்சியோடு 2-2 டிரா செய்ததும் எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. ஒரு டோனட்டின் விலை அவருக்கு ஒன்றுமே இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களைக் கவனிப்பதுபோல எங்களைக் கவனித்த முதலாளி வேறு யாரும் இல்லை.

பயிற்சியாளர் ரணியேரியை 2017 பிப்ரவரியில் நீக்கியது எனக்கு இன்றும் ஆறவில்லை. கோப்பை வாங்கிக்கொடுத்தவரை ஒன்பதே மாதத்தில் அனுப்பியது சரியில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். மனிதர் மேல் வைத்த அன்பு அதனால் குறையவில்லை.

லெஸ்டர், மருத்துவமனைச் செவிலியர்

நான் பந்து பார்க்கிறவள் இல்லை, கணவர்தான். நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்காக அவர் 2 மில்லியன் பவுண்டு கொடுத்தார் என்பது எங்கள் வார்டில் எல்லோருக்கும் தெரியும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைக்கும் 1 மில்லியன் கொடுத்தார். அதனால்தான் பந்தே பார்க்காத எங்களைப் போன்றவர்களும் அழுதோம்.

விபத்துக்கு மறுநாள், ஞாயிறு காலை டியூட்டி முடிந்து நேரே மைதானத்துக்குப் போனேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, கடையில் செவ்வந்தி கிடைத்தது. பூங்கொத்துகளுக்கு நடுவே ஒரு பிள்ளையார் படத்தை யாரோ வைத்திருந்தார்கள். பக்கத்தில் பௌத்தப் பிரார்த்தனைத் தாள், நீலச் சால்வைகள், வேறு கிளப்புகளின் சால்வைகள்கூட. பர்தா போட்ட ஒரு அம்மா தன் பையன் எழுதிய கடிதத்தைக் காற்றில் பறக்காமல் இருக்கக் கல்லை வைத்து அழுத்திவிட்டு நகர்ந்தார். இந்த ஊரில் எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறோம், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றது அன்றுதான் எனக்குத் தெரிந்து முதல் தடவை.

லண்டன், வெஸ்ட் ஹாம் ரசிகர்

அன்றைக்கு எதிர் அணிப் பகுதியில் இருந்தேன். 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி ஆட்டம். பால்புவேனா எங்களுக்கு முதல் கோல் போட்டார், நோபிளுக்குச் சிவப்பு அட்டை, கடைசியில் லெஸ்டரின் இன்டிடி அடித்து 1-1. இரண்டு புள்ளி போய்விட்டதே என்று எரிச்சலோடு ரயில் ஏறினோம். பாதி வழியில் போனில் செய்தி வந்தது. ஆட்டம் முடிந்தபின் மைதானத்தின் நடு வட்டத்திலிருந்தே அவர் ஹெலிகாப்டரில் கிளம்புவது வழக்கமாம். அன்று எட்டரை மணி தாண்டி மேலே எழும்பிய வண்டி சுழன்று, வெளியே கார் நிறுத்துமிடத்தின் பக்கம் விழுந்து எரிந்தது. அவரோடு ஊழியர்கள் இருவர், விமானிகள் இருவர், மொத்தம் ஐந்து பேர். ரயிலில் எங்கள் பெட்டியில் பிறகு யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

பாங்காக்

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் என் அலுவலகம். 2016 மே மாதம் லெஸ்டர் ஆட்டக்காரர்கள் கோப்பையோடு திறந்த பேருந்தில் இங்கே ஊர்வலம் வந்தார்கள். வெயிலைப் பொருட்படுத்தாமல் நீலச் சட்டையில் அவ்வளவு கூட்டம்! தாய்லாந்து மக்களுக்கு அது தங்கள் வீட்டு வெற்றி. பாங்காக்கின் வாட் திரைமித் கோயிலிலிருந்து பிக்குகள் லெஸ்டருக்கே போய் ஆட்டக்காரர்கள் மேல் தீர்த்தம் தெளித்தார்கள் இல்லையா, அதை இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள்.

இரண்டரை வருடம் கழித்து அதே ஆட்டக்காரர்கள் அவருடைய இறுதிச் சடங்குக்காகக் கறுப்பு உடையில் வாட் தெப்சிரின் கோயிலுக்கு வந்தார்கள். முந்தின நாள் கார்டிஃபில் ஆடி 1-0 ஜெயித்துவிட்டு, அங்கிருந்து நேரே விமானம். அந்த ஒரே கோலை அடித்த டிமராய் கிரே சட்டையைக் கழற்றி உள்ளே எழுதியிருந்ததைக் காட்டினார், "குன் விச்சாய்க்காக" என்று. 'குன்' என்பது இங்கே மரியாதைச் சொல். விதிப்படி நடுவர் மஞ்சள் அட்டை கொடுத்தார். நடுவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் டிவியில் பார்த்த எனக்கு அந்த அட்டை மட்டும் பொறுக்கவில்லை.

மீண்டும் லெஸ்டர், கோப் ஸ்டாண்ட்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. வெஸ்ட் ஹாம் நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இன்னும் சிலர் விமானி தவறு செய்தார் என்று பேசுகிறார்கள். 2023இல் வந்த விசாரணை அறிக்கை தெளிவாக இருக்கிறது. வால் சுழலியைக் கட்டுப்படுத்தும் பாகத்தில் ஒரு பேரிங் செயலிழந்தது. அதன்பிறகு வண்டி விமானியின் சொல்பேச்சைக் கேட்கவில்லை, அவர் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை. விமானியின் குடும்பத்துக்கும் துக்கம் இருக்கிறது. தயவுசெய்து பழி போடாதீர்கள்.

நவம்பர் 10, பர்ன்லி ஆட்டத்துக்கு ஜூபிலி சதுக்கத்திலிருந்து மைதானம்வரை ஆயிரக்கணக்கில் நடந்தோம். அந்த நடைக்கு வைத்த பெயரே "5000-1". உள்ளே ஒவ்வோர் இருக்கையிலும் நினைவுச் சால்வை. ஆட்டம் 0-0. உண்மையைச் சொன்னால் எந்த நகர்த்தலும் எனக்கு நினைவில்லை. மகன் ஐயாவத், நாங்கள் 'டாப்' என்று கூப்பிடுகிறவர், ஆட்டக்காரர்களோடு மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டியது மட்டும்தான் நினைவிருக்கிறது.

2021 மே 15 வெம்பிளியில் டீலமன்ஸ் தூரத்திலிருந்து அடித்த அந்த ஒரு கோலில் செல்சியை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பை எடுத்தோம். அதற்கு முன் நான்கு இறுதியாட்டங்களிலும் தோற்ற கிளப் இது. சட்டைக் காலரின் உட்பக்கம் விச்சாயின் படம் அச்சிட்டிருந்தது. கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் டாப்பை மைதானத்துக்குள் இழுத்து வந்து அணைத்துக்கொண்டார். ஹெலிகாப்டர் விழுந்த இரவில் அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஷ்மைக்கேலும் ஒருவர். அதனால் அந்த அணைப்பின் கனம் எங்களுக்குப் புரியும்.

2023இல் கீழே இறங்கினோம், ஏறினோம், 2025இல் திரும்பவும் இறங்கினோம். இப்போது நிர்வாகத்தின்மேல் எல்லோருக்கும் கோபம், எனக்கும்தான். ஆனால் எவ்வளவு சூடான பேச்சிலும் டாப்பின் அப்பா விச்சாயின் பெயரை யாரும் இழுப்பதில்லை.

லெஸ்டர் வருபவர்கள் கேட்டிருந்தீர்கள். அவருடைய 64ஆவது பிறந்தநாளாக இருந்திருக்கும் 2022 ஏப்ரல் 4 அன்று திறந்த சிலை மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. ஹெலிகாப்டர் விழுந்த இடம் இப்போது நினைவுத் தோட்டம். ஆட்ட நாளில் நெரிசல் அதிகம், முடிந்தால் வேறு நாளில் வாருங்கள். நகர மையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம்.