டார், ஐடூபி வழியே சிறு தமிழ்க் குழுமத்துக்குள் வருவது: எங்கே சிக்குகிறது, ஏன்?

பிரிக்பீல்ட்ஸ்:

வணக்கம். ஆள் இருக்கும் இடத்தை மறைக்கும் டார், ஐடூபி என்ற வலைகள் வழியே நம் மலேசியத் தமிழ்க் குழுமத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே "திறக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாற்பது பேர் புழங்கும் இடத்தில் ஒருவர் திரும்பிப் போனாலும் இழப்புதான். அதனால் டாரிலும் ஐடூபியிலும் பார்த்த கோளாறுகளை இந்த இழையில் அவரவர் ஊர்ப் பெயரிலேயே எழுதுவோம். என்ன தெரிந்தது, ஏன் வந்தது, எப்படிச் சரியாகும் என்று மட்டும் எழுதினால் போதும்.

டாரில் நம் தளத்தின் முகவரியிலிருந்து தொடங்குகிறேன். 'டாட் ஆனியன்' என்ற வாலை விட்டுவிட்டு எண்ணினால் சரியாக 56 எழுத்து இருக்க வேண்டும். கடைசி எழுத்து எப்போதும் ஆங்கில 'டி'. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் 2 முதல் 7 வரையுள்ள எண்களும் மட்டுமே வரும். 0, 1, 8, 9 ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், தாளில் எழுதி எடுத்தவர் 'ஓ'வைச் சுழியமாகவோ 'எல்'லை ஒன்றாகவோ படித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 எழுத்து மட்டும் இருந்தால் அது பழைய வகை. டார் உலாவி 2021ஆம் ஆண்டிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. பழைய மின்னஞ்சலைத் தோண்டி எடுத்து முயல்வதில் பயனில்லை.

இந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. 32 பைட் பொதுத் திறவுகோல் (தளம் உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் நீண்ட எண்), 2 பைட் சரிபார்ப்பு, 1 பைட் பதிப்பு எண், ஆக 35 பைட். எழுத்துக்கு 5 பிட் என்று பிரித்து எழுதினால் 56 எழுத்து வருகிறது. அதாவது முகவரியே திறவுகோல். யாரிடமும் பெயர் பதிவதில்லை, பெயர் கேட்பதும் இல்லை. இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது: முதல் ஆறேழு எழுத்து ஒத்துப்போகும் போலி முகவரியைச் சாதாரணக் கணினியிலேயே உருவாக்கிவிடலாம். தொடக்கத்தைப் பார்த்து நம்பாதீர்கள். நடுவிலும் கடைசியிலும் பத்துப் பத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு முறை சரியாகத் திறந்ததும் புத்தகக்குறியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்:

அண்ணன் சொன்னதோடு பிழைக் குறிகளையும் சேர்த்துவிடலாம். டார் உலாவி காட்டும் குறியின் கடைசி இரண்டு இடத்தைப் பாருங்கள். உதவி கேட்பவர்கள் "வரலை" என்று எழுதாமல் அந்த இரண்டு இடத்தை எழுதினாலே முக்கால் வேலை முடிந்துவிடும்.

எஃப்6 என்றால் முகவரியே தவறு. அந்த 2 பைட் சரிபார்ப்பு இருப்பதால் ஓர் எழுத்து பிசகினாலும் அநேகமாக இதுதான் வரும். எஃப்0 வந்தால் முகவரி முறையாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்படித் தொடர்புகொள்வது என்று அந்தத் தளம் வலையில் இட்டு வைக்கும் விவரக் குறிப்பு இல்லை. தளத்தை ஓட்டும் கணினியான சர்வர் பெரும்பாலும் பல மணி நேரமாகப் படுத்துக் கிடக்கிறது. எஃப்2 அல்லது எஃப்7 என்றால் குறிப்பு கிடைத்தது, ஆனால் உங்களைச் சர்வரோடு இணைத்துவிடும் அறிமுகம் நடக்கவில்லை. சர்வர் இப்போதுதான் விழுந்திருக்கலாம், அல்லது நெரிசல். அந்தக் குறிப்பு மூன்று மணி நேரம்வரை வலையில் தங்கும் என்பதால், மின்சாரம் போன புதிதில் எஃப்2, பிறகு எஃப்0 என்று மாறும். எஃப்4 வந்தால் உறுப்பினருக்கு மட்டும் கொடுக்கும் தனித் திறவுகோலைக் கேட்கிறது, எஃப்5 வந்தால் கொடுத்த திறவுகோல் தவறு.

எஃப்3 வந்தால் பதறவே வேண்டாம். உங்கள் பக்கம் மூன்று கணு (தன்னார்வலர் ஓட்டும் இடைக் கணினி), சர்வர் பக்கம் மூன்று கணு என்று ஆறு கணு தாண்டித்தான் இருவரும் சந்திக்கிறீர்கள். இடையில் ஒன்று சொதப்பினாலும் இந்தக் குறி வரும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் புதிய பாதை கிடைக்கும். பலர் எல்லாத் தாவல்களையும் மூடிவிடும் 'புதிய அடையாளம்' பொத்தானை அழுத்தி, எழுதி வைத்ததையெல்லாம் இழந்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு.

செந்தூல்:

கடிகாரத்தைப் பற்றி யாராவது விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது ஒரு தனி ரகம். சென்னையில் வாங்கிய மடிக்கணினியை இங்கே கொண்டுவருகிறார்கள். நேர மண்டலம் இந்தியாவிலேயே நிற்கிறது. இரண்டரை மணி பின்னால் காட்டுகிறதே என்று கையால் முள்ளை நகர்த்துகிறார்கள். திரையில் கோலாலம்பூர் நேரம் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே கணினி வைத்திருக்கும் உலக நேரம் இரண்டரை மணி முன்னே ஓடிவிட்டது. டார் வலையின் கணுப் பட்டியல் மணிக்கொரு முறை வெளியாகி மூன்று மணி நேரம் செல்லும். அந்த மூன்றில் இரண்டரையைக் கடிகாரமே தின்றுவிட்டால், கையில் இருக்கும் பட்டியல் காலாவதியானதாகத் தோன்றும். சில நேரம் இணையும், சில நேரம் பாதியில் நிற்கும், ஆனியன் தளம் மட்டும் திறக்காமல் போகலாம். நிலையாக ஒரே மாதிரி கெட்டிருந்தால் கண்டுபிடித்துவிடலாம். இது இப்படி விட்டு விட்டு வருவதால்தான் ஆளை அலைக்கழிக்கிறது.

தீர்வு: முதலில் மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றுங்கள், பிறகு 'நேரத்தைத் தானாக அமை' என்பதை இயக்குங்கள். முள்ளைத் தொடவே கூடாது.

அடுத்தது, நம் நாட்டுத் தடுப்பு. 2024 செப்டம்பரில் தொடர்பு பல்லூடக ஆணையம் வெளி டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) கேள்விகளை உள்ளூர் சேவைக்குத் திருப்பச் சொன்னதும், அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னதும் நினைவிருக்கும். அப்போது "இனி டார் வேலை செய்யாதா" என்று நிறையப் பேர் கேட்டார்கள். டார் உலாவி உங்கள் இணையச் சேவையின் டிஎன்எஸ்ஸைக் கேட்பதில்லை. வெளித் தளங்களுக்கு வெளியேறும் கணுதான் பெயரைத் தேடும், ஆனியன் முகவரிக்குத் தேடலே கிடையாது. ஆகவே இங்கே வழக்கமாக நடக்கும் டிஎன்எஸ் வழித் தடுப்பு நம்மைத் தொடாது.

டாரைத் தடுக்கும் இடத்தில் மறைவாக நுழைய உதவும் பாலம், வீட்டு இணைப்பில் பொதுவாகத் தேவைப்படாது. அலுவலகம், கல்லூரி விடுதி போன்ற இடங்களில்தான் தேவை. அங்கேயும் முதலில் 'கனெக்‌ஷன்' பகுதியில் தீச்சுவர் விருப்பத்தைத் தேர்ந்து 80, 443 என்ற இரண்டு போர்ட்டை (இணைப்பு வாயில் எண்) மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது போதாவிட்டால் பால வகைகள்: முதலில் ஓபிஎஃப்எஸ்4, பிறகு வெப்டன்னல், பிறகு ஸ்னோஃப்ளேக். ஸ்னோஃப்ளேக் தன்னார்வலர்களின் உலாவி வழியே போவதால் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். படிப்பதற்குப் போதும், படம் ஏற்றப் பொறுமை வேண்டும்.

பேரங்காடி வைஃபையில் டார் தொடக்கத்திலேயே நின்றால், பெரும்பாலும் நுழைவுப் பக்கத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தாததுதான் காரணம். அதைச் சாதாரண உலாவியில் முடித்துவிட்டு டாருக்கு வாருங்கள்.

ஜார்ஜ் டவுன்:

கைப்பேசிக்காரர்களுக்கு ஒன்று. ஆர்பாட் (கைப்பேசியில் டாரை ஓட்டும் செயலி) போட்டு வேறு செயலி வழியாக வருகிறவர்களுக்குத் திரை அணைந்த சில நிமிடத்தில் தொடர்பு அறுந்தால், அது பேட்டரிச் சிக்கன வேலை. அமைப்புகளில் ஆர்பாட்டைத் தேடி 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். சில தயாரிப்புகளில் 'தானாகத் தொடங்கு' என்று இன்னொரு பொத்தானும் இருக்கும், அதையும் இயக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம்:

ஐடூபியில் வருகிறவர்கள் அவசரப்படுகிறார்கள், அதுதான் பெரிய சிக்கல். டாரைப் போல முப்பது விநாடியில் திறக்காது. ஐடூபி ரூட்டரை (உங்கள் கணினியில் ஓடும் மென்பொருள்தான், வீட்டு வைஃபை பெட்டி இல்லை) முதன்முறை இயக்கினால் மற்ற ரூட்டர்களை அது அறிந்துகொள்ள வேண்டும். பத்து, இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடிய ரூட்டருக்கும் இப்போது இயக்கிய ரூட்டருக்கும் நடையிலேயே வித்தியாசம் தெரியும். கட்டுப்பாட்டுப் பக்கம் சொந்தக் கணினியில் 7657 போர்ட்டில் இருக்கும், உலாவியில் கொடுக்க வேண்டிய ப்ராக்ஸி (இடைவழி) போர்ட் 4444. சி++ வகையான ஐடூபிடி போட்டவர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பக்கம் 7070.

கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 'ஃபயர்வால்டு' என்று வந்தால் பயப்பட வேண்டாம். கைப்பேசி இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது. வேகம் கொஞ்சம் குறையும், உள்ளே வருவது தடைபடாது.

பெயர் சிக்கலும் உண்டு. சுருக்கப் பெயர் அவரவர் முகவரிப் புத்தகத்தில் இருந்தால்தான் திறக்கும். புதியவருக்கு எப்போதும் முகவரிப் புத்தகம் இல்லாமலே திறக்கும் 'பி32' முகவரியைக் கொடுங்கள், வாலுக்கு முன்னால் 52 எழுத்து.

முக்கியமாக, ப்ரீபெய்ட் டேட்டாவில் வருகிறவர்கள் கவனியுங்கள்! டாரில் நீங்கள் வெறும் பயனர். ஐடூபியில் மற்றவர்களின் போக்குவரத்தும் உங்கள் ரூட்டர் வழியே போகும். அலைவரிசைப் பக்கத்தில் பகிர்வு அளவைக் குறைக்காமல் இரவு முழுக்க ஓடவிட்டால் டேட்டா கரைந்துவிடும். குறைத்து வையுங்கள், ஆனால் வீட்டு இணைப்புக்கு மாறியதும் மறுபடி ஏற்றிவிடுங்கள். எல்லாரும் எடுத்துக்கொண்டு யாரும் கொடுக்காவிட்டால் அந்த வலை நிற்காது. நிறுத்தும்போதும் 'மென்மையாக நிறுத்து' என்பதையே அழுத்துங்கள். உங்கள் ரூட்டர் வழியே போகும் சுரங்கப் பாதை ஒவ்வொன்றுக்கும் 10 நிமிட ஆயுள். அது முடியும்வரை காத்திருந்து நிற்பதால் வழியில் இருப்பவருக்கு அறுந்துபோகாது.

பாயான் லெப்பாஸ்:

எல்லாரும் உள்ளே வருகிறவர் பக்கம் எழுதுகிறீர்கள். எஃப்0 ஏன் வருகிறது என்று சர்வர் பக்கமிருந்து சொல்கிறேன். நாற்பது பேருக்கு ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவுக் கணினி, 2 ஜிபி நினைவகத்தோடு, போதும். ஆனியன் சேவை வெளியே போகும் இணைப்பை மட்டுமே பயன்படுத்துவதால் வீட்டு ரூட்டரில் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம்.

மாலையில் இடி இடித்து மின்சாரம் போகிறது. பை 4க்குள் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நாலு மணிக்குப் போய் ஆறரைக்கு வந்தால், இணையத்திலிருந்து நேரம் வாங்கும்வரை பை இன்னும் நாலு மணி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ரூட்டர் தாமதமாக எழுந்தால் டார் அதற்கு முன்னாலேயே கிளம்பி, தவறான நேரத்தோடு தடுமாறும். மேலே செந்தூல் அண்ணன் சொன்ன அதே நோய்தான், இங்கே எல்லாருக்கும் சேர்த்து வருகிறது.

டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்று வாங்கி மாட்டுங்கள். நாலு கம்பிதான்: மின்சாரம் 1ஆம் முனை, தரவுக் கம்பி எஸ்டிஏ 3, துடிப்புக் கம்பி எஸ்சிஎல் 5, தரை 9. மின்சாரத்தை 3.3 வோல்ட் முனையிலிருந்தே எடுங்கள். 5 வோல்ட்டில் மாட்டினால் துண்டில் உள்ள மின்தடைகள் எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகளையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும், பையின் முனைகள் அதைத் தாங்கா. பூட் அமைப்புக் கோப்பில் ஐ2சி கடிகார ஓவர்லே வரியை (அந்தத் துண்டைப் பைக்கு அறிமுகப்படுத்துவது) சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள். டார் சேவையை நேரம் ஒத்திசைந்த பிறகே தொடங்கும்படி வரிசைப்படுத்துங்கள். ரூட்டருக்கும் பைக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தால் பாதித் தொல்லை வராமலே போகும்.

வலைச் சர்வர் 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும், கேட்க வேண்டும். அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளின் நிலைப் பக்கத்தை அணைத்துவிடுங்கள். 'உள்ளூரிலிருந்து வந்தால் காட்டு' என்று அது இருக்கும், டார் வழியே வருகிற எல்லாருமே சர்வரின் கண்ணுக்கு உள்ளூர்க்காரர்தான். அறிவிப்பு மின்னஞ்சலையும் நிறுத்துங்கள், அது வீட்டு ஐபியைத் தலைப்பில் சுமந்துகொண்டு போகும்.

சிறு குழுமத்துக்குத் தனித் திறவுகோல் முறைதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. ஒருவர் கைப்பேசியைத் தொலைத்தால் அவர் கோப்பை மட்டும் நீக்கிவிட்டு டாரை முழுதாக நிறுத்தி மறுதொடக்கம் செய்தால் போதும். முகவரி வெளியே கசிந்தாலும் திறவுகோல் இல்லாதவரால் உள்ளே வர முடியாது. சேவையின் ரகசியத் திறவுகோல் கோப்பை வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள். எஸ்டி அட்டை கெட்டுப்போய் அந்தக் கோப்பும் போனால் அந்த 56 எழுத்து முகவரி திரும்ப வரவே வராது.

செராஸ்:

தமிழ் எழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதிய பழைய பக்கங்கள் டார் உலாவியில் குப்பையாகத் தெரியும். கணினியில் நீங்கள் நிறுவிய எழுத்துருவை உலாவி தொடாது. தொட்டால் எழுத்துருப் பட்டியலை வைத்தே உங்களை அடையாளம் காணலாம். பாதுகாப்பு அளவைக் கூட்டினால் தளம் அனுப்பும் எழுத்துருவும் தடைபடக்கூடும். சர்வரிலேயே யூனிகோடாக மாற்றி வைப்பதுதான் வழி.

தட்டச்சில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சாதாரண உலாவியில், ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாகும் பக்கத்தில் எழுதி, வெட்டி, இங்கே ஒட்டுகிறார்கள். எழுதிய அத்தனையும் அந்தப் பக்கத்துக்கு உங்கள் வீட்டு ஐபியோடு போயிருக்கலாமே! கணினியிலேயே இயங்கும் முரசு அஞ்சல் போன்ற விசைப்பலகை இருந்தால் இந்தக் கவலை இல்லை.

டார் உங்கள் இருப்பிடத்தை மறைக்கும், உங்கள் பேச்சை மறைக்காது. 'பசியாறியாச்சா', 'அஞ்சு வெள்ளி', 'தவுக்கே' என்று எழுதினால் மலேசியா என்று தெரிந்துவிடும். அதோடு தோட்டத்தின் பெயரையும் படித்த தமிழ்ப்பள்ளியையும் சொன்னால், நாற்பது பேரில் நீங்கள் யார் என்பது முடிந்துபோன கதை. நம் பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, அது நம் சொத்து. பள்ளி, தெரு, கோயில் பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள். படம் போடும்போது அதில் பதிந்த இடக்குறிப்பை நீக்குங்கள், சன்னலுக்கு வெளியே பினாங்கின் கொம்தார் கோபுரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். டார் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் இங்கே இல்லை, ஆனால் எழுதுவதற்கு 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு (ஆபாசம், மிரட்டல் போன்றவற்றை இணையத்தில் பதிவதைத் தண்டிப்பது) எந்த வழியே எழுதினாலும் பொருந்தும்.

பிரிக்பீல்ட்ஸ்:

நன்றி அக்கா. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். டார் உலாவி எல்லாத் தளங்களுக்கும் உலக நேரத்தையே சொல்லும். வெள்ளிக்கிழமைக் கலந்துரையாடல் 13:00 என்று தெரிந்தால் அது நம் நேரம் இரவு 9. மதியம் ஒரு மணிக்கு வந்து ஆளில்லை என்று போகாதீர்கள்.