கோல்டு ஃபிஷ் வால் அரிக்கிறது, மருந்துக்கும் நிற்கவில்லை. உதவுங்கள்

அம்பத்தூர் புதுசு:
இரண்டடி தொட்டி, 50 லிட்டர் தண்ணீர், நான்கு கோல்டு ஃபிஷ். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. போன வாரம் ஒன்றின் வால் ஓரம் வெள்ளையாகி, நைந்த துணி மாதிரி பிரிந்தது. வாலில் சிவப்புக் கோடுகளும் தெரிகின்றன. கடையில் கொடுத்த மஞ்சள் நிற ஆன்டிபயாட்டிக் பொடியை மூன்று நாள் போட்டேன். நேற்று ஒன்று செத்துவிட்டது. தண்ணீரைச் சோதிக்கும் ஸ்டிரிப் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது. வேறு ஆன்டிபயாட்டிக் மாற்றலாமா?

கொளத்தூர் அண்ணன்:
கொஞ்சம் பொறு தம்பி. உன் ஸ்டிரிப்பில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்குக் கட்டம் இருக்கிறதா? நிறைய ஸ்டிரிப்பில் அது இருக்காது. தண்ணீரில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனை கிட் வாங்கிப் பார். குழாய்த் தண்ணீரையும் தனியாகச் சோதி. அப்புறம், ஃபில்டர் ஸ்பான்ஜை எப்படிக் கழுவுகிறாய்?

மெரினா மீன்:
மெத்திலீன் ப்ளூ ஊற்றுங்க, இது பங்கஸ்.

கொளத்தூர் அண்ணன்:
ஓரத்திலிருந்து வால் கரைந்து சிவப்பும் ஓடினால் பெரும்பாலும் பாக்டீரியாதான். வாயைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வந்தால்கூட உடனே பங்கஸ் என்று முடிவு கட்டாதீர்கள், காலம்னாரிஸ் பாக்டீரியாவும் அப்படித்தான் தெரியும். ப்ளூ ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கும்.

அம்பத்தூர் புதுசு:
வாயில் ஒன்றும் இல்லை அண்ணா. கிட் வாங்கினேன். அம்மோனியா 2 பிபிஎம், பிஎச் 8. குழாய்த் தண்ணீரில் அம்மோனியா பூஜ்யம். ஸ்டிரிப்பில் நைட்ரைட் (அம்மோனியாவிலிருந்து வரும் இன்னொரு விஷம்) கட்டம் லேசாக ரோஸ் ஆனது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. ஸ்பான்ஜை ஞாயிறுதோறும் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிவேன்.

கொளத்தூர் அண்ணன்:
அதுதான் விஷயம். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்த ஸ்பான்ஜில்தான் குடியிருக்கிறது. வாராவாரம் குளோரின் தண்ணீரில் அதைச் சாகடித்துவிட்டு மீனுக்கு மருந்து போட்டால் என்ன பயன்? பிஎச் 7லிருந்து 8க்கு ஏறினால், அதாவது தண்ணீரில் காரம் கூடினால், அம்மோனியாவின் விஷமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். அதில் செவுளும் தோலும் புண்ணானால் தண்ணீரில் எப்போதும் இருக்கிற கிருமியே உள்ளே புகுந்துவிடும்.

இன்று பாதித் தண்ணீரை மாற்று, புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து போட்ட பிறகு. இரண்டு நாள் தீனி வேண்டாம். கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம், உனக்கு 50 கிராம். மக்கில் கரைத்து, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. நைட்ரைட் உடம்பில் ஏறுவதை அந்த உப்பு தடுக்கும். உப்பு ஆவியாகாது, அதனால் மறுபடி மாற்றும் அளவு தண்ணீருக்கு மட்டும் சேர். அம்மோனியா 0.5க்கு மேல் இருக்கும் நாளெல்லாம் தண்ணீர் மாற்று. ஸ்பான்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசு, பழுப்பாகவே இருக்கட்டும். வேறு ஆன்டிபயாட்டிக் இப்போது தேவையில்லை. உடம்பு வரை சிவப்பு ஏறினால் மட்டும் சொல்.

அம்பத்தூர் புதுசு:
ஒன்பதாம் நாள். அம்மோனியா 0.25. மூன்றும் தீனிக்கு முட்டி மோதுகின்றன. ஆனால் வால் ஓரத்தில் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக ஏதோ தெரிகிறது, மறுபடி ஆரம்பிக்கிறதா?

கொளத்தூர் அண்ணன்:
டார்ச் அடித்துப் பார். வெள்ளையாக, பிசிறாக இல்லாமல் தெளிவாக இருந்தால் அது புதுத் துடுப்பு, வளர்கிறது. நிறம் பிறகு ஏறும். உப்பை இனிமேல் சேர்க்காதே.