ஆர்.எஃப்.ஐ.டி.: ‘அலைக்குறி’ என்ற சொல்லுக்காக

அன்புடையீர்,

பொருளில் பொருத்திய சிறு சில்லை மின்காந்த அலையால் தொடாமலே படித்து அடையாளம் காணும் ஆர்.எஃப்.ஐ.டி. (RFID) நுட்பத்துக்குத் தமிழில் முன்வைக்கப்பட்டுள்ள ‘வானொலி அதிர்வெண் அடையாளங்காணல்’ என்ற தொடர் சொல்லுக்குச் சொல் சரியானதுதான். ஆனால் கட்டுரை எழுதுபவர் இரண்டாம் பத்தியிலேயே அதைக் கைவிட்டு ஆர்.எஃப்.ஐ.டி. என்றே எழுதத் தொடங்கிவிடுவார். வானொலி என்றதும் ஒலிபரப்புதான் நினைவுக்கு வருகிறது. அதிர்வெண்ணும் பெயருக்குள் நின்று எதையும் விளக்கவில்லை. கால்நடைகளுக்கு 134.2 கிலோஹெர்ட்சு, நூலகப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்சு, கிடங்குப் பெட்டிகளுக்கு 860 முதல் 960 மெகாஹெர்ட்சுக்குள் என்று அது இடத்துக்கிடம் மாறுவதால், தேவைப்படும்போது எண்ணையே சொல்லிவிடலாம்.

என் பரிந்துரை ‘அலைக்குறி’. துணிக்குச் சலவைக்குறி, மாட்டுக்குச் சூட்டுக்குறி என்று, ஒரு பொருள் இன்னாருடையது எனக் காட்டும் அடையாளத்தைக் குறி என்றே வழங்கிவருகிறோம். பார்கோடைப் ‘பட்டைக்குறி’ என்று எழுதுவோருக்கு இது இணைச்சொல்லாகவும் அமையும். பட்டைக்குறியை ஒளி படிப்பதால் அது கண்ணெதிரே இருக்க வேண்டும். அலைக்குறியோ மூடிய அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் போதும் என்பதால், வண்டியில் அடுக்கிய சரக்கைக் கிடங்கு வாயிலைக் கடக்கும்போதே எண்ணிவிடலாம். (பெட்டிக்குள் தண்ணீரோ உலோகமோ இருந்தால் திணறும் என்பது வேறு கதை.)

‘அலைவில்லை’ என்ற மாற்றுச்சொல் சட்டையில் தொங்கும் அட்டைக்குப் பொருந்தும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் சால்மன் மீனின் உடலுக்குள் செலுத்துவது, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குப்பி. அதை வில்லை என்று சொல்ல நா எழவில்லை. போதாக்குறைக்கு, இயற்பியல் பாடநூலில் வில்லை என்பது லென்ஸ். ‘குறியிட்ட மீன்’, ‘குறியிடாத பெட்டி’ என்றெல்லாம் வளைந்துகொடுப்பது குறிதான்.

இந்தக் குறிகளில் பாசிவ் (passive) எனப்படும் வகையைச் ‘செயலற்ற குறி’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் மின்கலம் இல்லை, அவ்வளவுதான். குறியைப் படிக்கும் கருவியான படிப்பான் அனுப்பும் அலையிலிருந்தே மின்னாற்றலைப் பெற்று, அந்த அலையில் தான் ஏற்படுத்தும் மாற்றத்தின் வழியாகவே தன் எண்ணைத் தெரிவித்துவிடுகிறது. ‘இரவல் மின்குறி’ என்று பெயரிட எனக்கு ஆசைதான். நூலகத்தார் அதை இரவல் புத்தகத்தோடு குழப்பிக்கொள்வார்கள். ‘மின்கலமில்லாக் குறி’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

ரீடருக்குப் ‘படிப்பான்’ என்று மேலே எழுதிவிட்டேன். ‘உணரி’ என்பாரும் உண்டு; ஆனால் அது சென்சாருக்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டதால், வெப்பநிலையையும் சேர்த்து அளக்கும் அலைக்குறியைப் பற்றி எழுதும்போது, எது உணரி, எது அதைப் படிப்பது என்று வாசகர் திகைக்க நேரிடும்.