ஆறாம் நம்பர்ல 270 ரவையாம், கேட்டுக்குங்க

கடைமடை | இரவு 8:40
நேத்து துப்பாக்கி லைசன்ஸ் பேர் மாத்துற திரியில குடமுருட்டி ஐயா போற போக்குல ஒரு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டார். "புறாவுக்கு ஆறாம் நம்பர் தோட்டாதான். அவுன்சுக்கு 270 ரவை. ஏழரை நம்பரெல்லாம் பொம்பளைப் புள்ளைங்க கையில குடுக்குற சரக்கு." (ரவைன்னா தோட்டாவுக்குள்ள இருக்கிற சின்ன ஈயக்குண்டு, நம்பர் அதோட அளவு.) அங்கேயே கேட்டிருப்பேன். அதுக்குள்ள திரியைப் பூட்டிட்டாங்க.

நான் சுடுறது களிமண் புறா, போட்டியில பறக்க விடுற தட்டு. உயிர்ப்புறா இல்ல. முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் யாரும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வராதீங்க. எங்கிட்ட இருந்த ஆறாம் நம்பர் தோட்டா ஒண்ணு, வெளிநாட்டுச் சரக்கு, 28 கிராம். வாய் மடிப்பைப் பிரிச்சு ரவையைத் தாம்பாளத்துல கொட்டி நானும் எம் பொண்ணும் தனித்தனியா எண்ணினோம். எனக்கு 222, அவளுக்கு 223. அவுன்ஸ்னா 28.35 கிராம், அப்ப 225 வருது. ஐயா சொன்ன மீதி 45 எங்க போச்சு?

குடமுருட்டி | இரவு 8:52
எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும். ரவைன்னா எறும்பு வரத்தானே செய்யும்?

தம்பி, எங்க வீட்டுத் துப்பாக்கிப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கு. லண்டன்ல அச்சடிச்சது. எங்க அப்பாரு காலத்துக்கு முந்தினது. நாலாம் நம்பர் 170, அஞ்சு 220, ஆறு 270, ஏழு 340. அதுல ஏழரைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஏழரைன்னா எங்க பக்கம் ஒண்ணுதான் தெரியும். அதுக்குத் திருநள்ளாறு போயி நளதீர்த்தத்துல முழுகிட்டு வரணும். நீங்களும் ஒருதரம் போயிட்டு வாங்க.

கடைமடை | இரவு 8:55
நான் எண்ணினேன் சார். நீங்க மூடியப் படிச்சீங்க. 225.

குடமுருட்டி | இரவு 8:57
எண்ணத் தெரிஞ்சவன் எண்ணியிருந்தா 270 வந்திருக்கும்.

மதிலழகு | இரவு 9:03
ஆரம்பிச்சிட்டாங்கப்பா. குடத்த உருட்ட ஆரம்பிச்சா கல்லணை வரைக்கும் உருட்டுவாரு.

குடமுருட்டி | இரவு 9:05
மன்னார்குடிக்காரங்க மதிலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். பேசத் தெரிஞ்சவங்க பேசிக்கிறோம்.

பதினஞ்சு மீட்டர் | இரவு 9:11
ரெண்டு பேர் சொல்றதும் சரி. இங்கிலீஷ் ஆறாம் நம்பர் ரவை 2.6 மில்லிமீட்டர் குறுக்களவு, அவுன்சுக்கு 270. அமெரிக்க ஆறாம் நம்பர் 2.79, அவுன்சுக்கு 225. நம்பர் ஒண்ணு, அளவு வேற. நம்ம ஊர்ல சின்னப்படி, பெரியபடின்னு இருந்துச்சே, அது மாதிரி. "ஒரு படி"ன்னா எந்தப் படின்னு கேக்கணும். ஏழரையும் அப்படித்தான். இங்கிலீஷ் ஏழும் அமெரிக்க ஏழரையும் 2.4, அவ்வளவுதான் வித்தியாசம். இதுல சண்டை போட ஒண்ணுமே இல்ல.

குடமுருட்டி | இரவு 9:16
தம்பி, பெரியவங்க பேசும்போது குறுக்க படியைத் தூக்கிக்கிட்டு வராதீங்க. படி பத்தி எங்கிட்டயா? பட்டணம்படி எங்க வீட்டுப் பத்தாயத்துமேல இன்னிக்கும் இருக்கு. அறுப்புக் களத்துல மரக்கால் பிடிச்சு அளந்தவன் நான். சின்னப்படின்னு நீங்க சொல்றது எந்த ஊர் படி?

பதினஞ்சு மீட்டர் | இரவு 9:18
தம்பி இல்லை. நீங்க நேத்து ஏழரை குடுத்த அந்தப் பொம்பளைப் புள்ளை நான்தான். மூணு வருஷமா ட்ராப், அதான் களிமண் புறாப் போட்டி, சுடுறேன்.

கடைமடை | இரவு 9:20
அக்கா, நீங்க சொன்னது இருக்கட்டும். ஐயா எம்முன்னாடி உக்காந்து எண்ணட்டும். 225 வருதா இல்லையான்னு பாத்துடுவோம்.

ஒற்றைக்குழல் | இரவு 9:31
எத்தனை ரவைங்கிறத விடுங்க. குடமுருட்டி சார், உங்க துப்பாக்கி மூடி காலத்துதுன்னா, குழல்ல தோட்டா உக்கார்ற அறை 65 மில்லிமீட்டரா 70-ஆ? இப்ப கடையில கிடைக்கிறதுல நிறைய 70. நீங்க எதைப் போடுறீங்க?

குடமுருட்டி | இரவு 9:38
எழுபதுதான். உள்ள போகுது, வெடிக்குது, வெளிய வருது. இருபது வருஷமா ஒரு குறையும் இல்ல. வேறென்ன வேணும்?

ஒற்றைக்குழல் | இரவு 9:44
அங்கதான் ஏமாந்துபோறது. டப்பாவுல போட்டிருக்கிற 70, வெடிச்சு மடிப்பு விரிஞ்ச பிறகு உள்ள நீளம். வெடிக்கிறதுக்கு முன்னாடி வாய் மடிஞ்சு குட்டையா இருக்கும், அதனால 65 அறையிலயும் சுலபமா போயிடும். வெடிக்கும்போது அந்த மடிப்பு குழலோட குறுகுற இடத்துல போயி விரியும். வாய் அடைச்ச மாதிரி ஆகி அழுத்தம் ஏறிடும். தாத்தா காலத்துக் குழலு, உள்ள துருப்புள்ளி எத்தனை இருக்கோ. குழலைத் திருப்பி அடியில என்ன முத்திரை இருக்குன்னு பாருங்க. இது விளையாட்டு இல்ல சார்.

குடமுருட்டி | இரவு 9:49
எங்க தாத்தா துப்பாக்கிக்குத் துருவா? தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சுத் துணி சுத்தி வச்ச சாமான். துரு பிடிச்சது எப்பன்னு சொல்லவா? தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லி, அங்க ஒரு மூலையில சாத்தி வச்சு, மழைச்சாரல்ல நனைஞ்சு, திரும்ப வாங்கும்போது கட்டையில பூஞ்சை. எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன், நாளைக்கும் அங்கதான் போகணும். கேட்டா ரசீது காட்டுங்கிறான். அந்தக் கதைய ஆரம்பிச்சா விடிஞ்சிடும்.

மதிலழகு | இரவு 9:51
அப்ப துரு இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்க.

குடமுருட்டி | இரவு 9:52
பூஞ்சைன்னேன். துருன்னு சொல்லல. படிக்கத் தெரியாதா?

உள்ளான் | இரவு 10:02
களிமண் புறான்னு ஆரம்பிச்சு எங்க போய்க்கிட்டிருக்கீங்க? நேத்து ஐயா எழுதினத முழுசாப் படிங்க. "சம்பா அறுப்புக்கு முன்னாடி உளுந்து தெளிச்சா புறா பொறுக்கிட்டுப் போயிடும், ரெண்டு வெடி போட்டா அடங்கும்"னு இருக்கு. இது களிமண் புறாவா? மணிப்புறாவும் பச்சைப்புறாவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. அதோட ஈயம். வயல்ல விழுற ரவையத் தானியம்னு நெனச்சு பறவை முழுங்கும், இரைப்பையில அரைபட்டு விஷமாகிச் சாகும். நீர்ப்பறவை வேட்டைக்கு அமெரிக்காவுல 1991-லயே ஈய ரவையத் தடை பண்ணிட்டாங்க. ஐரோப்பாவுல ஈரநிலத்துல 2023-லேர்ந்து கிடையாது. கோடியக்கரைக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு நீங்க 270-ஆ 225-ஆன்னு எண்ணுறீங்க.

குடமுருட்டி | இரவு 10:09
வெடின்னா சரவெடி. தீபாவளிக்கு வாங்கி மிஞ்சினது. துப்பாக்கின்னு எங்கயாவது எழுதினேனா? பறவை பாக்குற தம்பிக்கு எழுத்து மட்டும் தெரியல போலிருக்கு. அமெரிக்காவுல தடைன்னா அமெரிக்கா கணக்கையும் சேத்துத் தடை பண்ணிக்கட்டும். 225 அவங்க கணக்குதானே?

கடைமடை | இரவு 10:11
பாத்தீங்களா! 225-ன்னு ஒரு கணக்கு இருக்குன்னு ஐயாவே சொல்லிட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

குடமுருட்டி | இரவு 10:12
தப்புக் கணக்கும் கணக்குதான். மூடியில 270.

பதினஞ்சு மீட்டர் | இரவு 10:20
கேட்டது களிமண் புறாவுக்கு என்ன தோட்டாங்கிறது, அதையாவது சொல்லிடறேன். போட்டி விதிப்படி தோட்டாவுல 24 கிராம் ரவைதான் இருக்கலாம், ரவை 2.6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அண்ணன் எண்ணின ஆறாம் நம்பர் 2.79, அதைப் போட்டியில உள்ளேயே விடமாட்டாங்க. ஐயாவோட ஆறு சரியா எல்லையில நிக்குது. சுடுறவங்க பெரும்பாலும் எடுக்குறது ரெண்டு பேருக்கும் பிடிக்காத அந்த ஏழரைதான். 24 கிராமுக்கு ஏறக்குறைய 296 ரவை வரும். தட்டு 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம். அதை உடைக்கப் பெரிய ரவை வேண்டாம், வட்டத்துல ஓட்டை விழாம நெருக்கமாப் பரவினாப் போதும்.

குடமுருட்டி | இரவு 10:27
உடைக்கிறதுக்கும் வீழ்த்துறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஓட்டை ஒடசலச் சுட்டுட்டு புறா சுட்டேன்னு சொல்ற காலம் இது. அதுக்குப் புறான்னு பேர் எதுக்கு? தோசைக்கல்லுன்னு வைங்க.

பதினஞ்சு மீட்டர் | இரவு 10:33
உயிர்ப்புறாவப் பொறியில வச்சுத் திறந்து விட்டுச் சுட்டதால வந்த பேர். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கோட நடந்த போட்டியில முந்நூறு புறா வரைக்கும் செத்துச்சு. அப்புறம் நிறுத்திட்டாங்க. பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. இத்தனைக்கும் இப்ப தட்டுல களிமண்ணும் கிடையாது, சுண்ணாம்புக்கல் தூளும் கீலும்தான்.

மதிலழகு | இரவு 10:36
களிமண் புறாவுல களிமண்ணும் இல்ல, புறாவும் இல்ல. இந்தத் திரி மாதிரியே.

குடமுருட்டி | இரவு 10:41
ஏம்மா, ஒலிம்பிக் பேசுறீங்களே, ரத்தோர் 2004-ல ஏதென்ஸ்ல ட்ராப்புல வெள்ளி வாங்கினாரே, அவர் ஆறா ஏழரையான்னு மூடியப் பாத்தா எடுத்தாரு? கண்ணு வேணும், கை வேணும்.

பதினஞ்சு மீட்டர் | இரவு 10:43
அது டபுள் ட்ராப், ரெண்டு தட்டு ஒண்ணாப் பறக்கும். ட்ராப் வேற. இவ்வளவு நேரம் மூடி பாத்துதான் எடுக்கணும்னீங்க, இப்ப கண்ணும் கையும் போதுமா?

குடமுருட்டி | இரவு 10:44
டபுளுக்குள்ள சிங்கிள் அடக்கம்.

கடைமடை | இரவு 10:50
ரத்தோர் எதுக்கு, நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைப் பிள்ளை பிருதிவிராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப் சுட்டாரே. டெல்டாவுக்கே பெருமை.

திருவாரூர்த்தேர் | இரவு 10:53
புதுக்கோட்டை எப்பலேர்ந்து டெல்டா ஆச்சு? வானம் பாத்த பூமியச் சேத்துக்கிட்டே போனா மதுரையும் டெல்டாதான்.

கடைமடை | இரவு 10:55
2020 வேளாண் மண்டலச் சட்டத்துல அறந்தாங்கி, மணமேல்குடி, கறம்பக்குடி எல்லாம் இருக்கு. போயிப் பாருங்க. கல்லணைக் கால்வாய்த் தண்ணி எங்க போகுதுன்னு கடைமடைக்காரன் எங்கிட்ட கேளுங்க. உங்களுக்குத் தலைமடையில பாஞ்சிடுது, எங்களுக்குப் பேப்பர்ல பாயுது.

திருவாரூர்த்தேர் | இரவு 10:58
நானும் கடைமடைதான். அறந்தாங்கி இருக்கலாம். டவுன் இல்ல.

குடமுருட்டி | இரவு 11:04
தண்ணிக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம்? கேட்ட கேள்விக்கு வாங்க. ஃபுல் சோக் போட்ட, அதாவது வாய் நல்லாக் குறுகின குழல்ல 40 கஜத்துல, 30 அங்குல வட்டத்துக்குள்ள நூத்துக்கு எழுபது ரவை விழணும். என் 270-க்கு 189 விழும். இவரோட 225-க்கு 157. எந்த வலையில மீன் தப்பிக்கும்? வயல்ல வலை வீசினவனுக்கு இது புரியும். இவருக்குத் தாம்பாளம்தான் புரியும்.

கடைமடை | இரவு 11:08
ரவை சின்னதானா எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? என் ரவை ஒண்ணு 0.126 கிராம், உங்களுது 0.105. எட்டப் போயி அடிக்கிற அடி யாருது பலமா இருக்கும்?

மதிலழகு | இரவு 11:10
அப்ப ரெண்டும் வேற வேற ரவைன்னு ஒத்துக்கிட்டீங்களா?

கடைமடை | இரவு 11:11
யாரு சொன்னது? ஆறாம் நம்பர்னா 225. அவரோடது ஆறே இல்லைங்கிறேன்.

குடமுருட்டி | இரவு 11:12
இவரோடது அஞ்சேகால்.

புது லைசன்ஸ் | இரவு 11:15
வணக்கம் ஐயா. ஞாயித்துக்கிழமை முதல்தடவையா ரேஞ்சுக்குப் போறேன். மாமாவோட பழைய இரட்டைக்குழல், பன்னெண்டு போர். என்ன தோட்டா கேட்டு வாங்கணும்?

ஒற்றைக்குழல் | இரவு 11:18
தம்பி, முதல்ல அறை 65-ஆ 70-ஆன்னு ஒரு துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் எதையும் போடாதீங்க.

குடமுருட்டி | இரவு 11:19
தம்பி, கடையில போயி 270 இருக்கிற ஆறாம் நம்பர் கேளுங்க. வேற எதுக்கும் தலையாட்டாதீங்க.

கடைமடை | இரவு 11:20
பிரிச்சு எண்ணிப் பாத்து வாங்குங்க தம்பி. 225 வரும்.

புது லைசன்ஸ் | இரவு 11:26
கடைக்காரருக்கு இப்பதான் போன் போட்டேன். எட்டாம் நம்பரும் எல்.ஜி.யும்தான் இருக்காம். எல்.ஜி. வாங்கலாமா?

பதினஞ்சு மீட்டர் | இரவு 11:27
ஐயோ, எல்.ஜி. வேண்டவே வேண்டாம். அது பெரிய குண்டு, எங்கயோ போயி யார்மேலயோ படும். அதோட ரேஞ்சுக்குள்ள விடவே மாட்டாங்க.

குடமுருட்டி | இரவு 11:33
எட்டாம் நம்பர் காடைக்கு. மூடியில 450-ன்னு போட்டிருக்கு.

கடைமடை | இரவு 11:34
410.

குடமுருட்டி | இரவு 11:35
450.

திருவாரூர்த்தேர் | இரவு 11:41
கறம்பக்குடி சரி, டவுன் இல்லைன்னு நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

குடமுருட்டி | இரவு 11:52
அந்தப் பொண்ணு சின்னப்படின்னு சொன்னுச்சே, அதுக்கும் இன்னும் பதில் வரல. எந்த ஊர் படி அது? நாளைக்குக் காலையில எங்க வீட்டுப் பட்டணம்படிய போட்டோ எடுத்துப் போடுறேன். துப்பாக்கிப் பெட்டி மூடியையும் சேத்து. அதுக்கப்புறம் யாரு பேசுறான்னு பாக்குறேன்.

கடைமடை | இரவு 11:54
தாம்பாளம் இன்னும் அப்படியேதான் இருக்கு. நானும் போட்டோ போடுறேன்.